முதிரைக் காலில் நான் அடித்த ஆணி

அப்பா உளி பிடிக்கத் தொடங்கியது ஓய்வு பெற்று எட்டு மாதங்களுக்குப் பிறகு. அதற்கு முன் முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். அவர் ஓய்வு பெற்ற வருடம்தான் நாங்கள் கிளிநொச்சி ரவுணை விட்டு ஓடி, தர்மபுரத்தில் ஒரு தென்னங்காணியின் மூலையில் கொட்டில் போட்டோம். வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விட்ட மனிதர் என்ன செய்வார்? காலையில் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரையில் இருப்பார். எட்டரைக்கு ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்ப்பார். நாலேகாலுக்கு ஒரு தரம் பார்ப்பார். இடையில் ஒன்றுமில்லை.

ஒருநாள் அந்த மணிக்கூட்டையே காணவில்லை. அதற்குப் பதில் ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்த யாரோ ஒருவர், காவிக்கொண்டு போக முடியாத தன் தச்சுச் சாமான்களை அப்பாவிடம் மாற்றிவிட்டுப் போயிருந்தார். வாள் இரண்டு, உளி நாலு, ஒரு சீவுளி, ஒரு மூலைமட்டம், ஒரு கொட்டாப்புளி.

"அது எங்கட ஐயா உங்களுக்குக் கலியாணத்துக்குப் போட்ட மணிக்கூடு," என்றார் அம்மா.

"நேரம் பாக்கிற உத்தியோகம் முடிஞ்சுதெல்லே. இனி என்னத்துக்கு?"

அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுவார்களா, கூப்பிட்டாலும் போய்ச் சேர வழி இருக்குமா என்று தெரியாமல் நின்றேன். மாமரத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. அவர்கள் கொப்பியைத் திறப்பதற்கு முன்னமே விடையைச் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் மெதுவான ஆட்கள். நான் மட்டும் எங்கிருந்தோ தப்பி வந்தவள் மாதிரி.

அப்பா முதன்முதலாகச் செய்தது தேங்காய் துருவும் திருவலைக்கு ஒரு புதுக் கட்டை. அதில் ஏறி இருந்தால் தோணியில் இருப்பதுபோல இருக்கும். "அரைவாசித் தேங்காய் சட்டிக்கை, அரைவாசி மண்ணுக்கை," என்று அம்மா சிரித்தார். சிரித்ததனால் மணிக்கூட்டுச் சண்டையும் முடிந்தது. அடுத்ததாக உடுப்புக் கொழுவ ஒரு சட்டம் செய்தார். அதற்கடுத்து ஒரு முக்காலி. முக்காலி ஆடவில்லை. நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். அப்படியும் ஆடவில்லை.

அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மரத்தோடு மரம் பொருத்தும்போது ஒன்றில் துளையும் மற்றதில் அதற்குள் போகிற நாக்கும் வெட்டுவார்கள். நாக்கு எங்கே இடிக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அப்பாவிடம் கந்தோரிலிருந்து வந்த பழைய மை ஒற்றும் பெட்டி ஒன்று இருந்தது, ஊதா மை. நாக்கில் அந்த மையைத் தடவித் துளைக்குள் மெல்லத் தட்டி இறக்குவார். பிறகு வெளியே இழுப்பார். துளைக்குள் எங்கெங்கே ஊதா ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தில் மட்டும் உளியால் ஒரு மயிரளவு சீவுவார். திரும்ப மை, திரும்பத் தட்டு, திரும்ப இழுப்பு. ஒரு பொருத்துக்கு இருபது தரம். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் ஊதாவாக இருந்தன. சோறு குழைக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அப்பா, மூண்டு நாளா ஒரு துளையோ?" என்று நான் கேட்பேன்.

"கடிதத்தைப் பிழையான ஊருக்கு அனுப்பினாலும் திரும்பி வரும் பிள்ளை. வெட்டின மரம் வராது."

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை ஒட்டுசுட்டான் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். முன்பென்றால் மணவறை வாடகைக்கு எடுப்போம், தங்கப் பூச்சுப் பூசினது, இரண்டு பக்கமும் யானை நிற்கும். இடம்பெயர்ந்த பிறகு மணவறைக்காரர் எங்கே, யானை எங்கே? எல்லோருடைய கலியாணமும், பிள்ளைகள் வரிசையாக இருந்து படிக்கிற பள்ளிக்கூட வாங்கிலேயே நடந்தது. அதிபரிடம் கேட்டு ஒரு வாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, மேலே ஒரு பட்டுச் சேலையை விரித்தால் மணவறை.

கலியாணம் பேச வந்தவர்கள் போனதும் அப்பா சொன்னார்: "என்ர பிள்ளை பள்ளிக்கூட வாங்கில இருந்து தாலி ஏறாது. அவ இருக்கிற வாங்கை நான் செய்வன்."

அவர் அதை எங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் நின்று நாலு பேருக்கும் சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் ஒருநாளும் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத மனிதர், அன்றைக்கு மட்டும் சொன்னார்.

மரம் எங்களிடம் இருந்தது. ரவுணை விட்டு வெளிக்கிடும்போது எல்லோரும் செய்ததுபோல நாங்களும் வீட்டு முன்வாசல் நிலையையும் கதவையும் பிடுங்கி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். முதிரை மரம். கொட்டிலுக்கு அந்தளவு பெரிய வாசல் தேவைப்படவில்லை, ஆகவே ஓலையால் மூடிப் பின்பக்கம் வைத்திருந்தோம். அப்பா அளந்து பார்த்தார். நிலையின் ஒரு நெடுங்கால் நாலு கால்களுக்கு. மற்றதும் மேற்சட்டமும் குறுக்குச் சட்டங்களுக்கு. கதவுப் பலகை மேலுக்கு. எல்லாம் வெட்டினால் சாண் நீளத் துண்டு ஒன்றுதான் மிஞ்சும். அவ்வளவுதான் மரம். காட்டுப் பக்கம் போய் முதிரை வெட்டிக் காயவிட ஒரு வருடம் வேண்டும். கலியாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அம்மாவுக்கு மனமில்லை. "வருசம் வருசம் சந்தனம் பூசின நிலை. அதில ஆக்கள் குந்துறதோ?"

"அண்டைக்கு ஒருநாள் அதுகள் ஆக்களில்லை, சிவனும் பார்வதியும்."

அம்மா யோசித்தார். "அப்ப வடிவாச் செய்யுங்கோ," என்றார்.

தெருவால் போகிறவர்களுக்கு அந்த வாங்கு ஒரு பொழுதுபோக்கு. பழைய சங்கக்கடை மனேச்சர் ஒருவர் எதிர்க் காணியில் இருந்தார். தினமும் காலை பல்லுத்தீட்டிக்கொண்டே வேலிக்கு வருவார்.

"என்ன போஸ்மாஸ்ரர், வாங்கு எந்தத் தபாலில வருது? றெஜிஸ்டர் தபாலோ, சாதாரண தபாலோ?"

அப்பா போஸ்மாஸ்ரராக இருந்ததே இல்லை. திருத்தாமல் சிரிப்பார். "வரும், வரும்."

"பேரப்பிள்ளையின்ர கலியாணத்துக்காவது வந்து சேருமோ?"

அவர்களுக்கு அது பகிடி. எனக்குக் காது சுடும். அப்பா இன்னும் விரைவாகச் செய்யலாமே என்று எனக்குக் கோபம் வரும். மனேச்சரில் வரவேண்டிய கோபம் ஏனோ அப்பாவில்தான் வந்தது.

கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாலு காலும் பூட்டியாயிற்று. வடிவான வாங்கு. சீவுளியால் சீவித் தேங்காயெண்ணெய் தடவியதும் முதிரை தேன் நிறத்தில் மினுங்கியது. அக்கா வெட்கத்தோடு ஒரு நுனியில் இருந்து பார்த்தாள். வாங்கு இலேசாக அசைந்தது. ஒரு நெல்லளவுதான், ஆனால் அசைந்தது.

"அது இன்னும் ஆப்பு இறுக்கேல்லை," என்றார் அப்பா. "கன்னிக்கால் நடுற அண்டைக்கு இறுக்குவன். அதுவரைக்கும் ஒருதரும் தொடக்கூடாது."

கன்னிக்கால் என்பது பந்தலுக்கு நல்ல நேரம் பார்த்து நடும் முதற் கால். கலியாண வேலை அதோடுதான் தொடங்கும். மணவறை வாங்கின் கடைசித் தட்டும் அந்த நேரத்திலேயே விழவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அதோடு, வெயிலில் மரம் இன்னும் நாலு நாள் இருந்தால் மூட்டு தானாக இறுகும், பிறகு ஆப்பு வைத்தால் அசையவே அசையாது என்றும் சொன்னார். எனக்கு இரண்டாவது காரணம் காதில் விழவில்லை. ஆப்புக்கும் ஒரு நல்ல நேரமோ என்று மனதுக்குள் சிரித்தேன். நான் விஞ்ஞானம் படித்தவளல்லவா.

அடுத்த நாள் அப்பா ஐயரோடு சாமான் பட்டியல் கதைக்கச் சைக்கிளில் கண்டாவளைக்குப் போனார். அன்று காலை என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பன் மாமரத்தடிக்கு வந்து, பேப்பரில் சுற்றிய தகரப் பால்பேணி ஒன்றைத் தந்தார்.

"ரீச்சருக்கு ஒண்டும் தர ஏலாமல் இருந்தது. இதை வைச்சிருங்கோ."

பேணிக்குள் ஆணி. அந்த நாட்களில் இராணுவம் எங்கள் பக்கத்துக்கு ஆணி வரவிடுவதில்லை. எரிந்த வீட்டு மரத்தில் கழற்றிக் கல்லில் வைத்து நிமிர்த்திய ஆணிகளைத்தான் கண்டிருக்கிறோம், பழுப்பும் கூனலுமாக. இவை புதியவை, நாலு அங்குலம், வெள்ளிபோல மினுங்கின. அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று நான் கேட்கவில்லை. கையில் பேணியின் பாரம் தெரிந்ததும் எனக்கு ஒரே யோசனைதான். அப்பா வந்து பார்க்கும்போது வாங்கு பாறைபோல நிற்கவேண்டும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மனேச்சர் வந்து ஏறி இருக்கட்டும், பார்ப்போம்.

அம்மாவும் அக்காவும் கிணற்றடியில். அசைந்த காலின் மூட்டில் அடித்த முதல் ஆணி பாதி போனதும் வளைந்துவிட்டது. முதிரை அவ்வளவு வைரம். வளைந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டாவதைப் பக்கத்தில் வைத்துச் சுத்தியலின் முழுப் பலத்தோடு அடித்தேன். உள்ளே போனது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். மூன்றாவதை அதற்கு நேர் கீழே, அதே நாரின் ஓட்டத்தில் வைத்தேன். துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தம். கிணற்றடியில் வாளி விழுந்தது.

கால் பிளந்திருந்தது. துளையிலிருந்து மேலே தலைவரைக்கும், கீழே ஒரு சாண் நீளத்துக்கும். பிளவுக்குள் என் சுட்டுவிரல் நகம் போனது. இரண்டு கையாலும் பொத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரம் அப்படிப் பிடித்தால் ஒட்டிவிடும் என்பதுபோல. கையை எடுத்ததும் திரும்ப விரிந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கைவைத்தார். அக்கா ஒரு காலை இரவல் வாங்கிப் போடலாமோ என்று கேட்டாள்.

அப்பா பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே வாங்கடிக்குப் போனார். வழமையாக அப்படித்தான். குந்தியிருந்து பெருவிரலைப் பிளவின் மேல் ஓட்டினார், மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. நான் பின்னால் நின்றேன். ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆணி எங்கால எடுத்தனீ?"

"ஒரு பிள்ளையின்ர தகப்பன் தந்தவர்."

ஒரு ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல ஆணி," என்றார். பிறகு, "கையில ஒண்டும் படேல்லையே?"

"இல்லை அப்பா."

அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை ஒட்டுசுட்டானிலிருந்து லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து இறங்கினார். சத்தம் கேட்டு மனேச்சரும் வந்துவிட்டார். பெரியப்பா வாங்கைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். காட்டுங்கோ என்று கேட்டார். நான் தட்டில் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றேன். பிளந்த கால் இரண்டு பேருக்கும் வடிவாகத் தெரிந்தது.

"இதென்ன போஸ்மாஸ்ரர்?"

"என்ர அவசரம்," என்றார் அப்பா. "அசையுது எண்டு ஆணி அடிச்சுப் பாத்தன். பிளந்திட்டுது."

மனேச்சர் தொடையில் அடித்துச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னன். முத்திரை குத்தின கைக்கு உளி சரிவருமே? முதிரைக்கு ஆராவது ஆணி அடிப்பினமோ? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"வயசு போனால் கை நடுங்கும் தானே," என்று பெரியப்பா சமாதானம் சொன்னார். "நீங்கள் ஆசைக்குச் செய்தனியள். அதுவே காணும்."

அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அப்போது என்னை ஒரு தரம் பார்த்தார். சொல்லாதே என்ற பார்வையா, சொல் என்ற பார்வையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு விடை சொல்கிறவள் நான். ஒரு வரிதான் தேவைப்பட்டது: நான்தான் அடிச்சனான். தேத்தண்ணியை நீட்டினேன். சீனி போதுமோ என்று கேட்டேன்.

அன்று பின்னேரம் அம்மாவின் வற்புறுத்தலில் தச்சு வேலை செய்கிற ஒருவரை அப்பா கூட்டிவந்தார். மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். கலப்பையும் வண்டிச் சில்லும் செய்கிறவர். வாங்கைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். மற்ற மூன்று கால்களையும் பிடித்து ஆட்டினார். பிளந்த காலைக் கழற்றித் துளைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஊதா மைச் சுவடுகள்.

"ஐயா, இது யாரு வெட்டுனதுங்க?"

"நான்தான்."

"நாப்பது வருசமா வெட்டுறேன், எனக்கே இப்படி உக்காராதுங்க. ஆப்பு மட்டும் வச்சிருந்தா ஆனை ஏறினாலும் அசையாது." அவர் ஆணியின் தலையைத் தடவினார். "இவ்வளவு பாத்துப் பாத்து வெட்டுன ஆளு, எதுக்குங்க ஆணி அடிச்சீங்க?"

"புத்தி கெட்டுப்போச்சு," என்றார் அப்பா.

இரும்புப் பட்டம் போட்டு இறுக்கித் தரலாம், ஆனால் வெடித்த மரத்தில் பொண்ணு மாப்பிள்ளையை இருத்துவது சரியில்லை என்று அவர் சொன்னார். அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். புதுக் காலுக்கு மரமில்லை. மிஞ்சின சாண் துண்டு அப்பாவின் காலடியில் கிடந்தது.

கன்னிக்கால் நட்ட அன்று அப்பா அதிபரிடம் போய் ஒரு பள்ளிக்கூட வாங்கு கேட்டு வாங்கி வந்தார். தானே சைக்கிளின் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் யாரோ ஒருவன் காம்பசு முனையால் ஏழாம் வாய்பாட்டைச் செதுக்கியிருந்தான், ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று பிழையாக. அம்மா தன் கூறைச்சேலையை மேலே விரித்தார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் அடித்தது, எல்லோரும் அரிசி போட்டார்கள். நான் அக்காவின் பின்னால் விளக்கோடு நின்றேன். அப்பா எதிரே கைகூப்பி நின்றார், நகக்கண்ணில் ஊதா இன்னும் போகவில்லை. பந்தலின் பின் வரிசையில் மனேச்சர் யாருக்கோ கதையை முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டமார் எண்டு" என்ற இடத்தில் அவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

சாப்பாடு முடிந்து சேலை மாற்றும்போது அக்கா என் காதுக்குள் சொன்னாள்: "அப்பா பாவமடி. ஏலாத வயசில ஆசைப்பட்டிட்டார். இனி அவரை உதுக்கு விடாதை, கையைக் கிய்யை வெட்டிப்போடுவார்."

ஆணி அடித்த அன்று அவளும் வீட்டில்தான் இருந்தாள். கிணற்றடியிலிருந்து ஓடிவந்து, சுத்தியல் யாருடைய கையில் இருந்ததென்று பார்த்தவள். ஆனால் நாலு நாளாக எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லச் சொல்ல அவளுக்கும் அப்படியே ஆகிவிட்டது போலும். ஆணியை நான் அடித்தேன், ஆனால் ஏலாதவர் அப்பா. அல்லது எனக்காக அப்படி மறந்திருந்தாளோ.

"ம்," என்றேன். சேலைக்கு ஊசி குத்தினேன்.

கலியாணத்துக்குப் பிறகு அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. நான் சாட்டுகள் தேடினேன். பிள்ளைகளுக்கு ஒரு கரும்பலகைத் தாங்கி வேண்டும் என்றேன். "அந்தத் தச்சுக்காரரிட்டைச் சொல்லு, நல்லாச் செய்து தருவார்," என்றார். குசினிக்கு ஒரு தட்டு வேண்டும் என்றேன். அதற்கும் அதே பதில். தன்னால் ஏலாது என்று ஊருக்குச் சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதை உடைக்க ஊருக்கு முன்னால் நான் ஒரு வரி சொல்லியிருக்கவேண்டும். தனியாக அவரிடம் போய், "அப்பா, நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று ஒரு தரம் கேட்டேன். "எப்பிடி?" என்று கேட்டார். எனக்கு மேலே போகத் துணிவு வரவில்லை. அவர் திரும்பவும் வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருந்தார். பார்க்க இப்போது மணிக்கூடும் இல்லை.

மாரி தொடங்கியபோது அந்தத் தச்சுக்காரர் வந்தார். கால் அங்குல உளி ஒன்று இரண்டு நாளைக்கு இரவல் கேட்டார். அப்பா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்:

"பெட்டியோட கொண்டு போங்கோ. வைச்சிருங்கோ. இஞ்சை சும்மா கிடந்தால் கறள்தான் பிடிக்கும்."

"வேணாங்க ஐயா. உங்க கைக்கு இன்னும் வேலை இருக்குங்க."

"கொண்டு போங்கோ."

நான் வாசலில் நின்றேன். அங்கே இருந்தது மூன்று பேர்தான், மனேச்சர் இல்லை, பெரியப்பா இல்லை. அந்த மூட்டின் அருமை தெரிந்த ஒரே மனிதர் எங்கள் முற்றத்தில் நின்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல இதைவிடச் சுகமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அவர் பெட்டியைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா கை ஆணி அடிக்கிற கை இல்லம்மா," என்றார், மெல்ல, அப்பாவுக்குக் கேட்காத மாதிரி.

நான் அவருக்குச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி பெரிது, அவரிடமிருந்த இறப்பர் பட்டி எட்டவில்லை. மழை துமித்தது. ஒரு கயிறு இருந்தால் நல்லது என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, நான் உள்ளே ஓடிப்போய்க் கயிற்றோடு திரும்பி வந்துவிட்டேன்.